சாகாத கனி வெள்ளரி

வேரைப் பூஞ்சைத் தண்ணீரில் நனைத்து நட்ட இருபத்தோராம் நாள் காலையில், சாக வேண்டிய செடிகள் உயிரோடு நின்றன. உயிரோடு நிற்க வேண்டியவை செத்துக் கிடந்தன. வீரலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் அப்படியேதான்.

துடைத்துப் பயனில்லை என்பது அவளுக்கே தெரியும். அந்தக் கண்ணாடியே தப்பு. ஆறு மாதத்துக்கு முன்பு கொச்சி கலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார வைத்து, "இப்போ தெளிவா இருக்கா?" என்று கேட்டபடி வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வில்லையிலேயே அவள் தலை ஆடிவிட்டது. தெளிவெல்லாம் இல்லை. பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அன்று முதல் உலகம் ஓரங்களில் கொஞ்சம் கலங்கியே இருந்தது.

அவள் தலை அப்படிப்பட்டது. யாராவது முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும். மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் கழுத்து 'ஆமாம்' என்று பதில் சொல்லிவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்டபோதும் ஆடியது. அவர்கள் பாடச் சொன்னபோது என்ன ஆயிற்று என்பதை மட்டாஞ்சேரியில் அவள் தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வீரலட்சுமி என்ற பெயரை அவளைக் கேட்டு வைத்திருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் இரண்டு அறை, மேலே மொட்டைமாடியில் பாலிதீன் கூரை போட்ட ஒரு செடிக்கொட்டகை. தலைமை அலுவலகம் ஹைதராபாத்தில். இங்கே இருந்தது மூன்றே பேர்: விஞ்ஞானி ராமபத்ரன், டெக்னீஷியன் ஜிஷா, எம்.எஸ்ஸி. முடித்த ஆய்வு உதவியாளர் வீரலட்சுமி. கீழே கிடங்கில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுக்கு புடைத்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருத்தி அவள் அம்மா பேச்சி. மகள் மாடியில் டி.என்.ஏ. பார்க்கிறாள் என்பது பேச்சிக்குப் பெருமைதான். என்ன பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "தெரியல, வீட்டுக்கு வந்து வாயத் தொறந்தாத்தானே?" என்பாள்.

மகள் பார்த்துக்கொண்டிருந்தது முலாம்பழச் செடியை. முலாம்பழத்துக்கு ஒரு வாடல் நோய் உண்டு. மண்ணிலிருந்து ஒரு பூஞ்சை வேர் வழியாக ஏறி, செடியின் தண்ணீர்க் குழாய்களில் குடியேறும். காலையில் நன்றாக நின்ற கொடி மாலையில் துவண்டு விழும். சில ரகங்கள் மட்டும் விழாது. அவற்றில் ஒரு மரபணு இருக்கிறது, ஃபாம்-2 என்று பெயர். அது செல்லுக்குள் ஒரு காவல்காரப் புரதத்தை உண்டாக்குகிறது. இந்தத் திருடனின் அடையாளம் அந்தக் காவல்காரனுக்குப் பிடிபட்டால் விசில் ஊதுவான். செடி அந்த இடத்துக் குழாயை அடைத்து, திருடனை உள்ளேயே பூட்டிவிடும். அடையாளம் பிடிபடாவிட்டால் காவல்காரன் இருந்தும் இல்லாததுபோல.

எம்-3 என்பது அந்தக் காவல்காரன் உள்ள அமெரிக்க ரகம். இங்குள்ள பூஞ்சையை அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். ராமபத்ரன் வடக்கே ஒரு வயலில் செத்த கொடியிலிருந்து பூஞ்சை எடுத்து வளர்த்து வைத்திருந்தார்.

"சாகற ரகம் ஒண்ணும் வேணும் கொழந்தே," என்றார் அவர். பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ். "ஒண்ணு செத்தாத்தான் இன்னொண்ணு பொழச்சதுக்கு அர்த்தம். மார்க்கெட்ல ஏதாவது ஒரு வெள்ளரி வாங்கி விதை எடுத்துக்கோ. அதுக்கு எம்-8னு பேர் வை. எதுவானாலும் செத்துடும். வாங்கிண்டு வந்துடறயா?"

தலை ஆடியது.

ஆனால் அவள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஒரு முறை கத்தரிக்காய் வாங்கப் போய், "சேனை எடுக்கட்டே?" என்று கடைக்காரர் கேட்ட கேள்விக்குத் தலையாட்டி, மூன்று கிலோ சேனைக்கிழங்கைச் சுமந்துகொண்டு வந்தவள் அவள். வீட்டில் உத்தரத்திலிருந்து வாழைநாரில் ஒரு கனி வெள்ளரி தொங்கிக்கொண்டிருந்தது. சித்திரை விஷு காலையில் முகக்கண்ணாடிக்கு முன்னால் வெண்கல உருளியில் வைத்துக் கண்விழிக்கிற அதே பொன்னிறக் காய். விஷு முடிந்து இரண்டு மாதமாகியும் கெடாமல் தொங்கியது. பெயர்தான் வெள்ளரி, தாவரவியல்படி அது முலாம்பழத்தின் கூடப்பிறந்த தம்பி. பேச்சி அதைக் குழம்புக்கு நறுக்கிய அன்று, வீரலட்சுமி ஒரு பிடி விதையை வாங்கிக்கொண்டாள். மிச்ச விதையைப் பேச்சி சாம்பலில் புரட்டி மாடத்தில் வைத்தாள். எலி தின்றுவிட்டது.

ஆக, அந்தக் காயின் மிச்சம் உலகத்தில் எம்-8 என்ற குச்சி செருகிய பன்னிரண்டு கிண்ணங்களில்தான் இருந்தது. அவற்றில் இரண்டை முதல் வாரமே அணில் கடித்துவிட்டது. மிச்சம் பத்தும் இப்போது மழைக்காற்றில் இலை அசைத்துக்கொண்டு நின்றன. எம்-3 பன்னிரண்டும் சுருண்டு போயிருந்தன.

ராமபத்ரன் மாடிக்கு வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் ஒரு கருணை வந்தது.

"நடும்போது லேபிள் மாறிப் போயிடுத்தா, கொழந்தே?"

திட்டியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பாள். கருணைக்கு முன்னால் அவள் கழுத்து ஒரு நொடிகூட நிற்காது. ஆடிவிட்டது.

"பரவால்ல. 3க்கும் 8க்கும் என்ன பெரிய வித்தியாசம். எனக்கும் ஆயிருக்கு." அவர் தாளில் இரண்டு வரிசைக்கும் நடுவே பென்சிலால் குறுக்கு அம்பு போட்டார். செத்ததெல்லாம் எம்-8 ஆயிற்று, பிழைத்ததெல்லாம் எம்-3. "ஹைதராபாத்துக்கு இப்படியே அனுப்பிடலாம். பூஞ்சை உள்ள செடியை மாடியில வச்சிண்டிருக்கப்படாது. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு வேக வச்சுடுங்கோ."

அவர் இறங்கிப் போனதும் வீரலட்சுமி செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தான் லேபிளை மாற்றினேனா? மாற்றவில்லை என்று நினைவு. ஆனால் அந்த நினைவு யாருடையது? கலூர்க் கண்ணாடி போட்டவளுடையது. 3 என்று நினைத்து 8ஐச் செருகியிருக்கலாம். சேனையைக் கத்தரிக்காய் என்று சுமந்தவள்தானே. இளஞ்செடியில் இரண்டு ரகமும் அண்ணன் தம்பி மாதிரி. இலையை வைத்துச் சொல்ல முடியாது.

மாற்றவில்லை என்றால், இந்தப் பத்துச் செடிகளிடம் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அது வெந்துவிடும்.

"எடீ," என்றாள் ஜிஷா. வைப்பின் தீவிலிருந்து தினமும் படகில் வருகிறவள். மலையாளத்தில்தான் பேசுவாள், வீரலட்சுமியிடம் மட்டும் சினிமாவில் பிடித்த தமிழைக் கலப்பாள். "நீ மாத்தினாயோ இல்லையோ, அது உனக்கே தெரியாது. அல்லே?"

வீரலட்சுமி தலையாட்டினாள். இந்த முறை அது உண்மை.

"அப்போ செடியோடு கேளு. அதுக்கு உன்னப் போல வெட்கம் இல்ல."

அதுதான் வழி. ஃபாம்-2 இருக்கிற செடியின் டி.என்.ஏ.வை எடுத்துப் பெருக்கி, ஜெல்லில் ஓட்டினால் ஒரு இடத்தில் பட்டை விழும். இல்லாத செடியில் விழாது. நிற்கிற பத்தும் எம்-3 என்றால் பட்டை விழ வேண்டும்.

புதன்கிழமை அவள் உயிருள்ள பத்திலிருந்தும் ஒவ்வொரு இலை பறித்தாள். செத்த பன்னிரண்டின் காய்ந்த இலைகளையும் எடுத்தாள். அமெரிக்கப் பாக்கெட்டில் மிச்சம் இருந்த விதையொன்றையும் ஒப்பிட அரைத்துக்கொண்டாள். ஜெல்லின் சின்னச் சின்னக் குழிகளில் சொட்டு விடும் வேலையை ஜிஷாவிடம் கொடுத்தாள். தன் கண்ணாடியை நம்பி எந்தக் குழியிலும் எதையும் விட அவள் தயாராக இல்லை. ஜிஷாவின் கை மீன் ஆய்ந்த கை; நடுங்காது.

மாலையில் ஊதா விளக்கின் மேல் ஜெல்லை வைத்தார்கள். பாக்கெட் விதையில் பட்டை. செத்த பன்னிரண்டிலும் பட்டை. உயிருள்ள பத்திலும் வெறும் இருட்டு.

"கண்ணாடியக் கழற்றிப் பாரு," என்றாள் ஜிஷா.

கழற்றிப் பார்த்தாள். இருட்டுத்தான்.

காவல்காரன் இருந்த செடிகளெல்லாம் செத்துவிட்டன. இந்த ஊர்த் திருடனின் அடையாளம் அமெரிக்கக் காவல்காரனுக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. காவல்காரனே இல்லாத செடிகள் நிற்கின்றன. அவற்றில் வேறு யாராவது காவல் இருக்கலாம். இல்லை, திருடன் பிடித்துத் திறக்க வேண்டிய கைப்பிடியே அந்தக் கதவில் இல்லாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரியாது. படித்த கட்டுரைகளில் இரண்டு விதமும் உண்டு. தெரிந்தது ஒன்றுதான்: லேபிள் மாறவில்லை. அவள் வாழ்நாளில் சரியாகச் செய்த ஒரு காரியத்தைத் தப்பாகச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலையில் ஜெல் படத்தை எடுத்துக்கொண்டு ராமபத்ரன் அறைக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். அவர் நிமிர்ந்தார்.

"சாயா குடிக்கறயா?"

தலை ஆடியது. சாயா வந்தது. குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தாள். படம் கையிலேயே இருந்தது.

"சொன்னியா?" என்றாள் ஜிஷா.

"சாயா குடிச்சேன்."

மதியம் மறுபடி போனாள். இந்த முறை வாயைத் திறக்கும் ஆபத்தையே எடுக்கவில்லை. படத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். ராமபத்ரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. இப்போது புரிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். சுருக்கம் விரிந்தது. அதே கருணை.

"ஜெல்லுலயும் தலைகீழா லோட் பண்ணிட்டயா?"

ஆடியது.

வெளியே கதவருகில் ஜிஷா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வற்றல் மிளகாய் நிறத்தில் இருந்தது.

"லோட் செஞ்சது ஞான்! உன் தலை ஆடினா என் கை தப்பாகுமோடீ?"

"தெரியாம ஆடிருச்சு ஜிஷா."

"நாளைக்கு அது உன் கழுத்துல இருக்காதுன்னா ஊருக்கே நல்லது."

"நீ சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு."

"நல்ல கத! ஞான் போய் சொல்வேன். சார் உன்னக் கூப்பிட்டு, 'ஜிஷா சும்மா சொல்றாளா'ன்னு கேப்பார். நீ அங்க நின்னு ஆட்டுவ. என் வேலையும் போகும்." ஜிஷா கையுறையைக் கழற்றித் தொட்டியில் எறிந்தாள். "இது நீதான் சொல்லணும். வாயால."

ஜிஷா சொன்னது அப்படியே நடக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அன்று ஜிஷா அவளோடு பேசாமலே படகுக்குப் போனாள்.

வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்பா இசக்கிமுத்து மாநகராட்சியில் கொசுமருந்து அடிக்கிறவர். அன்றும் புகைவாசனையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னடி, சோத்தைப் போட்டு இந்த மிதி மிதிக்க?" என்றாள் பேச்சி.

"நம்ம கனி வெள்ளரி இருக்குல்லம்மா. அது வெத முளைச்சுது. நோயக் குடுத்தும் சாகல."

"நோயக் குடுத்தியா? அது உன்ன என்ன செஞ்சுது?"

"எங்க வேலையே அதுதான்."

"நல்ல வேல." பேச்சி புருஷனைப் பார்த்தாள். "நீரு கொசுவுக்கு மருந்தடிச்சு வளக்கீரு. உம்ம மக செடிக்கு விஷம் வச்சு வளக்கா."

"கொச்சிக் கொசுவுக்கு எங்க மருந்து பழகிப்போச்சு தாயி," என்றார் இசக்கிமுத்து மகளிடம். "ஒரு நாள் அடிக்கலைன்னா அதுக்குத் தூக்கம் வராது. விடு. சாகலைன்னா சந்தோஷந்தானே?"

"நாளைக்கு எல்லாத்தையும் வேக வச்சுருவாங்க. நான் லேபிள மாத்திட்டேன்னு சார் நெனைக்காரு."

"மாத்தினியா?"

"இல்ல."

"அதச் சொன்னியா?"

அவள் பிசைந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றாள் பேச்சி. "இப்ப எங்ககிட்டச் சொன்னேல்ல? இதே வாயிதானே? இத நாளைக்கு அங்க கொண்டு போ."

வீட்டில் அந்த வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கிடங்கு மாடிப்படி ஏறும்போதுதான் அது கழுத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ராமபத்ரன் வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் வருவதற்கு முன்பு யாரிடம் சொல்வது என்பது அப்புறம்தான் தோன்றியது. பத்து மணிக்கு அவர் வந்தார். கடிதத்தை இன்று அனுப்பியாக வேண்டும், செடிகளை இறக்குங்கள் என்று கீழிருந்தே சொன்னார். ஜிஷா ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே கிடங்கில், படியடியில் நின்றாள். அது ஒரு பெரிய பிரஷர் குக்கர். பருப்பு வைத்தாலும் வேகும், பூஞ்சை வைத்தாலும் வேகும்.

செத்த செடிகளை முதலில் இறக்கினாள். அதற்கு ஒரு பை போதுமாயிருந்தது. உயிருள்ள பத்தையும் நெடுக வரிசையாகத் தட்டில் அடுக்கினாள். அவற்றைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்க முடியாது. பழைய கிடங்குப் படி, ஏணி மாதிரிச் செங்குத்து, ஒரு ஆள் அகலம், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ஒரு கை கயிற்றுக்கு வேண்டும். ஜூன் மாதம் மண் தட்டுகளை ஏற்றியபோதும் அவள் தலையில்தான் ஏற்றினாள். கீழே அம்மா சுக்கு மூட்டை தூக்குகிற மாதிரிதான்; துப்பட்டாவைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, முதுகை நிமிர்த்தி. "எம்.எஸ்ஸி. தலை," என்று ஜிஷா அப்போது சிரித்தாள். வீரலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் தலையால் ஒழுங்காக ஆகிற வேலை அது ஒன்றுதான்.

சும்மாடு வைத்தாள். தட்டைத் தூக்கி வைத்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். வெள்ளரி இலைகள் காதோரத்தில் உரசின. அப்படியே இறங்கிப் போனால் நேரே குக்கர்தான். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தாள். பாதிப் படிக்கு வந்தபோது எதிரே ராமபத்ரன் ஏறி வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஹைதராபாத் கடிதம்.

இரண்டு படி கீழே அவர் நின்றார். ஒருவர் பின்னால் போனால்தான் மற்றவர் போக முடியும். அவர் பின்னால் போகவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"கடிதத்துல உன் பேர் ஒண்ணும் போடல, பயப்படாதே. லேபிள் மாறினது திருத்தியாச்சுன்னு மட்டும் எழுதியிருக்கேன். சரிதானே?"

கழுத்து கிளம்பிவிட்டது.

தட்டு சாய்ந்தது. முன் வரிசையில் ஒரு கிண்ணம் நழுவி விளிம்பில் வந்து நின்றது. ஈர மண் ஒரு கட்டி அவர் சட்டையில் விழுந்தது. அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். சுமை தூக்குகிறவளின் கழுத்து அசையக் கூடாது. அசைந்தால் பத்தும் அவர் மேல். அவர் சட்டையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். வழக்கமாக அங்கே ஆடுகிற தலை ஆடவில்லை என்பதை அவர் முதல் முறையாகக் கவனித்த மாதிரி இருந்தது.

"என்ன கொழந்தே? சரிதானே?"

அவர் காத்துக்கொண்டிருந்தார். கீழே சுக்குப் புடைக்கிற சத்தம் நின்றிருந்தது. ஜிஷா குக்கர் மூடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பேச்சியும். தலையை ஆட்ட முடியாது. தலை இல்லாவிட்டால் பதில் சொல்ல மிச்சம் இருப்பது ஒன்றுதான். அம்மா கொண்டு போகச் சொன்ன அந்த வாய். திறந்தாள்.

"இல்ல சார்," என்றாள்.

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. தட்டு அசையவில்லை.

"லேபிள் மாறல. நான் மாத்தல. செத்தது அமெரிக்கா வெத சார். இது எங்க வீட்டு விஷுக்கனி."